கெலா வீட்டுக் கத்தி

எங்கள் வீட்டில் ஓநாயின் வாயைக் கட்டும் பழக்கம் கிடையாது. என் மாமனார் வாலிகோ இதைச் சொல்லாமல் இந்த ராச்சா மலைப்பக்கத்தில் ஒரு விருந்து நடந்ததில்லை. பிறந்தநாளோ, கல்யாணமோ, பன்றி வெட்டுகிற நாளோ, நாலு கோப்பை உள்ளே போனதும் எழுந்து நிற்பார். மீசையைத் துடைத்துக்கொள்வார். ஆரம்பித்துவிடுவார்.

மற்ற வீடுகளில் கட்டுவார்கள். பொழுது சாய்ந்தும் மாடு வீடு திரும்பவில்லை என்றால், மடக்குக் கத்தி ஒன்றை எடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, மடக்கி, சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி உத்தரத்தில் செருகிவிடுவார்கள். கத்தி இல்லாதவர்கள் கத்தரிக்கோலைக் கட்டுவார்கள், இல்லையென்றால் இரண்டு சீப்பைப் பல்லோடு பல் சேர்த்துக் கட்டுவார்கள். அதோடு காட்டில் இருக்கிற ஓநாய்க்கு வாய் திறக்காது, மாடு பிழைத்துவிடும். ஆனால் மாடு வந்து சேர்ந்ததும் கட்டினவர் கையாலேயே அவிழ்த்துவிட வேண்டும். மறந்துவிட்டால் ஓநாய் பட்டினியால் சாகும், அந்தப் பாவம் கட்டினவர் வீட்டில் வந்து விடியும். இதை நம்பாதவர்கள்கூட மறக்காமல் அவிழ்ப்பார்கள்.

நான் கடலோரத்துக் குரியாவில் பிறந்தவள். எங்கள் ஊரில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் பதில் சொல்லி, சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருப்பார். ராச்சாக்காரர்களோ நல்லவர்கள், ஆனால் நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். காலையில் ஒரு கேள்வி கேட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதில் வந்தால் அதிர்ஷ்டம். கல்யாணமாகி வந்த புதிதில் மூச்சு முட்டிப் போனேன். “லமாரா, கொஞ்சம் மெதுவா பேசு, அப்பாவுக்குத் தலை சுத்துது” என்பான் என் புருஷன் ஜும்பெர். “அவரை வேகமா கேக்கச் சொல்லு” என்பேன்.

ஆனால் அந்தக் குடும்பத்தின் பெயர்க் கதையைக் கேட்டபோது மட்டும் நான் குறுக்கே பேசவில்லை. முதல் தடவையே எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் மொழியில் ஓநாய்க்கு ம்கெலி என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் கெலா. நாடு முழுக்கக் கெலாக்கள் உண்டு, பஸ் ஓட்டுகிறவர் கெலா, பல் பிடுங்குகிறவர் கெலா. ஆனால் எங்கள் கெலா வேறு. வாலிகோவின் பாட்டனுக்குப் பாட்டன் பெத்ரே என்கிறவர், மலைக்கு வடக்கே ஒரு பட்டணத்தில் ரொட்டி சுடும் வேலையில் இருந்தார். மனைவிக்குப் பிரசவ நேரம். கணவாயைப் பனி மூடிவிட்டது, அந்த மாதத்தில் பைத்தியக்காரன்கூடக் கடக்க மாட்டான். பெத்ரே கடந்தார். எப்படி வந்தாய் என்று ஊரே கேட்டபோது, “ஓநாய்க்குப் பின்னாலே வந்தேன்” என்று ஒரே வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து பெத்ரேயை யாரும் பெத்ரே என்று கூப்பிடவில்லை.

வாலிகோ சொல்லும்போது கதைக்குக் கொஞ்சம் கொழுப்பு ஏறும். ஓநாயும் கெலாவும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நடந்தார்கள் என்பார். கெலா பயம் என்றால் என்னவென்று அறியாதவர் என்பார். “எங்க கெலா கத்தியைத் தொடவே இல்ல! அதனால இந்த வீட்டு ஆம்பளை எவனும் ஓநாய் வாயைக் கட்ட மாட்டான்!” என்று முடித்து, கோப்பையைக் கவிழ்த்துக் காட்டுவார். கேட்கிறவர்களுக்கும் உடம்பு சிலிர்க்கும். எனக்குச் சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.

அந்தக் குடும்பத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கெலாதான் இருக்கலாம். இருப்பவர் போன பிறகுதான் பெயர் அடுத்தவனுக்குக் கிடைக்கும். கடைசிக் கெலா வாலிகோவின் அண்ணன். எனக்கு மசக்கை ஆரம்பித்த சமயத்தில் அவர் இறந்துபோனார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்த வாலிகோ, என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வயிற்றைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத வருஷங்கள் அவை. மலையில் ஓநாய்களும் பெருகிவிட்டிருந்தன. எனக்கு நாள் நெருங்கிவிட்ட ஒரு சாயங்காலம், நல்ல மழை, எங்கள் செவலைப் பசு மேய்ச்சலிலிருந்து திரும்பவில்லை. தலைச்சன் கன்று வயிற்றில். அப்போது அந்தப் பசுவின் பாலும் பாலாடைக்கட்டியும்தான் எங்கள் வீட்டுக்கு ஆதாரம். ஜும்பெர் காட்டுப்பக்கம் ஓடினான். நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு வெனேரா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

“வாலிகோ அண்ணே, ஏன் சும்மா நிக்கிறீங்க? கத்தியை மடக்குங்க! அது வாயைக் கட்டுங்க!”

“யாரு வீட்டு வாசல்ல நின்னு என்ன பேசற?” வாலிகோ நெஞ்சை நிமிர்த்தினார். “முதல்ல உன் வாயைக் கட்டு வெனேரா. ஊருக்கே நிம்மதி.”

“பசு போனா தெரியும்.”

“போகாது. ஓநாய்க்கு இந்த வாசல் எதுன்னு தெரியும்.”

இதைச் சொல்லிவிட்டுத் தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். தொழுவத்துப் பக்கம்தான் போனார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடிந்ததும் செவலை தானாகவே வந்து நின்றது. ஒரு கீறல் இல்லை. வாலிகோ அதை வீதி வழியாக வேண்டுமென்றே சுற்றிக் கூட்டிவந்து, வெனேரா வீட்டு முன்னால் கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகத் தொழுவத்துக்கு ஓட்டிப் போனார். அந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதே எனக்கு வலி எடுத்துவிட்டது. சாவகாசமே உருவான என் மாமனார், வண்டி தேடி ஊர்க்கோடிவரை ஓடினார். அம்ப்ரோலாவுரி ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். பிறந்ததும் கத்தினான், கத்தி முடித்ததும் பால் குடித்தான், குடித்துவிட்டு மறுபடி கத்தினான். குரியாவும் ராச்சாவும் சரியாகக் கலந்திருக்கிறது என்று டாக்டரம்மா சிரித்தாள்.

வீடு வந்ததும் மேசை போட்டார்கள். ஊரே வந்தது. வாலிகோ குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி, “கெலா!” என்றார். மேலே பேச முடியவில்லை. பேசத் தெரிந்த மனிதர் பேச முடியாமல் நின்றதைப் பார்த்து ஆண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வெற்றி உண்டாகட்டும் என்று அவர்கள் கத்தியதில் உறியில் தொங்கிய வெங்காயச் சரம் ஆடியது. நான் அந்த மலைநாட்டு மருமகளாக இருப்பதற்கு அன்றைக்குத்தான் முழுசாகப் பெருமைப்பட்டேன்.

மறுநாள் குழந்தை பால் குடிக்கவில்லை.

மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பசியில் கத்துவான், காம்பு உதட்டில் பட்டதும் இறுக மூடிக்கொள்வான். கறந்து கரண்டியால் விட்டால் பாதி உள்ளே போகும், பாதி கழுத்தில் வழியும். நர்ஸ் மெதேயா பக்கத்து ஊர் ஒனியிலிருந்து வந்து வாயைத் திறந்து பார்த்தாள். உள்ளே வெள்ளை படிந்திருக்கிறது, வாய் எரியும், அதனால்தான் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தாள். மருந்து விட்டேன். வெள்ளை குறைந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. குழந்தை என் கண்ணெதிரே இளைத்தான். சதை வைத்திருந்த தொடையில் தோல் சுருங்கியது. எனக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. அந்த வலியை விடுங்கள், அவன் அழுகை கம்மியாகிக்கொண்டு வந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெனேரா வந்து பார்த்தாள். பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

“அடியே, இது நோய் இல்லடி. பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க? ஓநாய்! எவனோ ஓநாய் வாயைக் கட்டிட்டு அவுக்க மறந்திருக்கான். காட்டுல இருக்கறதுக்கும் வாய் மூடிடுச்சு, தொட்டில்ல இருக்கறதுக்கும் மூடிடுச்சு.”

நான் படித்தவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் உங்கள் குழந்தை பட்டினி கிடக்கும்போது உங்கள் கணக்கு என்ன சொல்லும் என்று பார்க்கலாம். “எவன் கட்டினான்னு கண்டுபிடி” என்றேன்.

ஊரே கிளம்பியது. இந்த ஊர் அவ்வளவு வேகமாக எதற்கும் கிளம்பி நான் பார்த்ததில்லை. வீடு வீடாகப் போய், “ஏதாவது கட்டி வச்சிருக்கீங்களா? அவுத்துடுங்க, கெலா பால் குடிக்கணும்” என்று கேட்டார்கள். முன்னால் நடந்தவர் என் மாமனார்தான். பரணிலிருந்தும் பெட்டியிலிருந்தும் வெளியே வந்தவற்றைப் பார்த்தால் சிரிப்பாக இருந்திருக்கும், சிரிக்கிற நிலைமை இருந்திருந்தால். போன மழைக்காலத்துக் கத்தரிக்கோல். எலி கடித்த சீப்பு ஜோடி. எந்தப் பசுவுக்குப் போட்டது என்று வீட்டுக்காரருக்கே ஞாபகமில்லாத கயிற்று முடிச்சு. வெனேரா வீட்டிலிருந்தே ஒன்று வந்தது. அவள் வெட்கப்படவில்லை, “வெள்ளாட்டுக்குக் கட்டினது, ஆட்டை நாங்களே தின்னாச்சு, இத மறந்துட்டேன்” என்று அங்கேயே அவிழ்த்தாள். கிராமம் முழுக்க ஒரு முடிச்சு மிச்சமில்லை.

குழந்தை வாய் திறக்கவில்லை.

மெதேயா மறுபடியும் வந்தாள். எடை பார்த்தாள். “நாளைக்குள்ள குடிக்கலேன்னா குத்தாயிஸி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடணும். குழாய் போடுவாங்க” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

அன்று மத்தியானம் குழந்தையின் ஞானத்தகப்பனாக இருக்கப்போகிற ஷால்வா வந்தார். மர வியாபாரம், பெரிய உடம்பு, நல்ல மனசு. சும்மா வந்தவரை வெறும் மேசையில் உட்கார வைக்கும் வழக்கம் இங்கே சாவு வீட்டில்கூடக் கிடையாது. பீன்ஸ் ரொட்டி சுட்டு வைத்தேன், புகையில் தொங்கிய பன்றித் தொடையை இறக்கி வைத்தேன், ஒயின் வைத்தேன். வெனேராவும் வந்து உட்கார்ந்தாள், அவளை யாரும் கூப்பிடவில்லை. ஷால்வா குடிக்காமல் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தார்.

“வாலிகோ அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் தண்ணி ஊத்தல, பாதிரியார் பேரைச் சொல்லல. மாத்தினா என்ன? கியோர்கின்னு வைப்போம். கியோர்கில என்ன குறை?”

“குறை ஒண்ணுமில்ல” என்றான் ஜும்பெர். அவன் மூன்று நாளாகத் தூங்காதவன் மாதிரி இருந்தான். “எனக்கு என் பிள்ளை உயிரோட இருந்தா போதும். என்ன பேரா இருந்தா என்ன.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“பேரா இருந்தா என்னவா? ஜும்பெர், உங்கப்பன் வீட்டுக் கதையை, நீங்க என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே கேட்டுட்டுத்தான் உனக்குத் தலையாட்டினேன். உன் மூஞ்சிக்காகன்னு நினைச்சியா? பனியில தன் பிள்ளையைப் பார்க்க நடந்து வந்தவன் பேரு அது! அதை என் பிள்ளைகிட்டேர்ந்து பிடுங்கிட்டு, ஊருக்கு ஒம்பது பேர் வச்சிருக்கற பேரைக் குடுப்பியா? பேர் பிள்ளையைக் கொல்லாது. வேற ஏதோ இருக்கு.”

“மெதுவா, லமாரா” என்றான் அவன்.

“மெதுவா மெதுவான்னு சொல்லித்தான் இங்க வந்து நிக்கறோம்!”

வாலிகோ என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தோம். கெலா என்ற பெயருக்காக உயிரை விடுகிற மனிதர், எழுந்து கர்ஜிப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்துகொண்டே, “அம்மாடி, சமையல்கட்டிலேர்ந்து ஒரு கத்தி கொண்டா. தொடையை நறுக்கறேன்” என்றார்.

இரண்டடி போனவள் நின்றுவிட்டேன்.

இந்த மனிதர் தன் கத்தியைத் தவிர வேறு கத்தியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. வால்நட் மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி. ரொட்டி அதில்தான், ஆப்பிள் அதில்தான், பல் குத்துகிற குச்சி சீவுவதும் அதில்தான். சமையல்கட்டுக் கத்தியைப் பொம்பளைகளின் ஸ்பூன் என்று கேலி செய்வார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர் பாலாடைக்கட்டியைக் கையால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வலது கட்டை விரலில் ஒரு துணிச் சுற்று. உப்புக்கண்டம் போடும்போது கிழித்துக்கொண்டேன் என்றார். இந்த மாதத்தில் யார் உப்புக்கண்டம் போடுகிறார்கள்?

“மாமா” என்றேன். “உங்க கத்தி எங்க?”

அவர் விரலின் துணிச் சுற்றை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

“மாமா, பசு வராத அன்னிக்கு மழையில தொழுவத்துக்கு எதுக்குப் போனீங்க?”

ராச்சாக்காரர்கள் மெதுவாகப் பதில் சொல்வார்கள் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அந்தப் பதில் வருவதற்குள் எனக்கு ஒரு ஆயுள் போய்விட்டது. வாலிகோ எழுந்தார். தொழுவத்துக்குப் போனார். திரும்பி வந்து, சிவப்புக் கம்பளி நூல் அரைகுறையாகத் தொங்கிய அந்தக் கத்தியை ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வெனேரா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

“கட்டினேன்” என்றார். “வயித்துல கன்னு. இந்த வீட்டுல வேற என்ன இருக்கு? பயந்துட்டேன். யாரும் பார்க்கல, காலைல அவுத்துடலாம்னு நினைச்சேன். காலைல உனக்கு வலி எடுத்துடுச்சு. திரும்பி வந்து பார்த்தா, கூரை ஒழுகி, பிடி தண்ணியில ஊதி, அலகைக் கவ்விக்கிச்சு. தினமும் போயிப் பார்க்கறேன். நகம் பிஞ்சுபோச்சு. வரமாட்டேங்குது.”

“குறடு வச்சு இழுக்கறதுக்கென்ன?” என்றான் ஜும்பெர். “என்னைக் கூப்பிட்டிருந்தா என்ன?”

“உன்னைக் கூப்பிட்டா, நான் கட்டினேன்னு சொல்லணுமே.”

“ஊரையே அவுக்கச் சொல்லி முன்னால நடந்தீங்களே!” என்றேன். “உள்ள ஒருத்தன் பட்டினி கிடக்கறான், நீங்க பேரைக் காப்பாத்திட்டு இருந்தீங்களா? அவன் வாயைவிட உங்க வாய் பெருசா மாமா?”

மாமனாரிடம் இப்படிப் பேசக் கூடாது. பேசினேன். கிழவர் கண்ணில் தண்ணீர் நிறைந்து மீசைக்கு இறங்கியது. அதைப் பார்த்ததும் என் கோபம் பாதியில் நின்றுவிட்டது. நகம் பிய்ந்த விரலோடு தினமும் தொழுவத்தில் தனியாக நின்று அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

ஷால்வா கத்தியை எடுக்கக் கை நீட்டினார். “குடுங்கண்ணே, ஒரே இழுப்பு.”

“தொடாதீங்க!” என்று வெனேரா அலறினாள். “கட்டினவர்தான் திறக்கணும்.”

நான் பன்றித் தொடையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெள்ளைக் கொழுப்பைக் கிள்ளினேன். ராச்சா பன்றிக் கொழுப்பை விட வழுக்கலான பொருளை நான் கண்டதில்லை, ஒரு தடவை பலகைப்படியில் நான் விழுந்ததே அதனால்தான். கத்தியை அடுப்பு ஓரத்தில் காட்டி ஈரம் போகக் காய வைத்தேன். மூட்டில் கொழுப்பைத் தேய்த்து மறுபடி சூடு காட்டினேன். கொழுப்பு உருகி உள்ளே இறங்கியது. மிச்ச நூலையும் வழித்துப் போட்டுவிட்டு அவர் கையில் கொடுத்தேன்.

“நீங்களே திறங்க.”

வாலிகோ துணியைப் பிரித்துவிட்டு அந்த ரணமான விரலாலேயே அலகைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வழுக்கியது. மறுபடி பிடித்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அலகு முழுசாக வெளியே வந்தது.

எல்லோரும் குழந்தை இருந்த அறையைப் பார்த்தோம். சத்தம் இல்லை. நான் ஓடினேன். தூக்கி மார்பில் வைத்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இடிந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்தது, வாலிகோவின் குரல் கேட்டது. எழுந்து நின்று பேசுகிறார் என்று தெரிந்தது, ஆனால் விருந்தில் பேசுகிற குரல் இல்லை.

“கியோர்கின்னே வச்சிடுங்க. அந்தப் பேரைக் குடுக்க எனக்கு யோக்கியதை இல்ல. இத்தனை வருஷமா நான் மேசையில சொன்ன கதையில பாதி இல்ல. எங்கண்ணன் எனக்குச் சொன்னான், நான் முழுங்கிட்டேன். பெத்ரே பயப்படலேன்னு சொல்வேன்ல? பயந்தார். கணவாய்ல ஊளைச் சத்தம் கேட்டதும் முதல்ல பண்ணினது என்ன தெரியுமா? கத்தியை மடக்கி, சட்டை நூலை உருவிக் கட்டிட்டார்.”

“அட!” என்றாள் வெனேரா.

“அப்புறம் மூடுபனி. வழி போச்சு. சுத்திச் சுத்தி வந்து பார்த்தா, முன்னால அது நிக்குது. எலும்பும் தோலும். கிட்டவும் வரல, போகவும் இல்ல. இவர் மடியில ரெண்டு ரொட்டி. அவரே சுட்டது. வீட்டுக்காரிக்குக் கொண்டுவந்தது. மேல எள்ளு தூவி, சோம்பு போட்டு...”

ரொட்டியைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டே போனார். ராச்சாக்காரர் அல்லவா, அந்த நேரத்திலும் சோம்பை விடவில்லை. எள் தூவின இடத்தில் எங்கேயோதான், என் மார்பில் சுருக்கென்று ஒரு வலி. கீழே பார்த்தேன். பிடித்துவிட்டான். கன்னம் குழிந்து குழிந்து எழுந்தது. தொண்டையில் மடக் மடக்கென்று இறங்குகிற சத்தம் கேட்டது.

கத்த வேண்டும் என்று உயிர் துடித்தது. கத்தினால் விட்டுவிடுவானோ என்று பயம். குரியாவில் பிறந்து வளர்ந்தவள், வாழ்க்கையில் முதல்முதலாக வாயை மூடிக்கொண்டு, கண்ணீர் அவன் தலையில் சொட்டச் சொட்ட மீதிக் கதையைக் கேட்டேன்.

“இவர் நினைச்சாராம். இதுக்கும் எங்கயோ குட்டி இருக்கும். நான் வாயைக் கட்டினா அது எதைத் தின்னும்? என் பிள்ளையைப் பார்க்கப் போற வழியில இன்னொருத்தர் பிள்ளையைக் கொன்னுட்டுப் போறதான்னு. விரல் விறைச்சுப்போச்சு, பல்லால நூலைக் கடிச்சு அறுத்து, கத்தியைத் திறந்து பனியில போட்டார். ஒரு ரொட்டியையும் போட்டார். அது தின்னுச்சு. தின்னுட்டு நடந்துச்சு. அது கால் வச்ச இடத்துல பனி கெட்டியா இருந்துச்சு. அதே தடத்துல கால் வச்சு இவர் வீடு வந்து சேர்ந்தார். அவ்வளவுதான் கதை. தோளும் உரசல, ஒண்ணும் உரசல. பயந்த மனுஷன். நானும் பயந்தேன், ஆனா நான் அதை மறைச்சேன். இந்தப் பேர் இனிமே இந்த வீட்டுல வேண்டாம்.”

பையன் ஒரு பக்கம் முடித்து, மறுபக்கமும் முடித்தான். நெற்றி வேர்த்துவிட்டது அவனுக்கு. அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். வாயோரத்தில் பால் வழிவதை முதலில் பார்த்தது ஜும்பெர். நாற்காலி பின்னால் விழ எழுந்தான். வெனேரா வாயைத் திறந்தாள், நான் ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

“பேரை மாத்தறேன்னு சொன்னது யாரு?” என்றேன்.

“நான்தான் அம்மாடி” என்றார் வாலிகோ, குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கதையை நீங்கதான் சொன்னீங்க, உங்களுக்கே புரியலியே மாமா! கத்தியை மடக்கினவர் பேரு பெத்ரே. திறந்தவர் பேருதான் கெலா. மடக்காதவனுக்கு இந்தப் பேரை யாரும் வைக்கல. நீங்க இன்னிக்கு திறந்தீங்களா, இல்லையா? இத்தனை பேர் முன்னால, நகம் போன கையால?”

வாலிகோ அந்தக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“அப்போ இது உங்க வீட்டுப் பேர்தான். இவன் கெலா. இனிமே கதையை முழுசாச் சொல்லுங்க, அது இன்னும் நல்லா இருக்கு. ஷால்வா, பாதிரியார்கிட்ட அதைத்தான் சொல்றீங்க. கியோர்கியை உங்களுக்குப் பிள்ளை பிறந்தா வச்சுக்குங்க.”

“எனக்கு நாலும் பொண்ணும்மா” என்றார் ஷால்வா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சொட்டு மருந்துதான் வேலை செய்தது என்று மெதேயா இன்றைக்கும் சொல்கிறாள். நான் மறுக்கவில்லை, அவளுக்கு ஒரு முழுப் பன்றித் தொடை கொடுத்தனுப்பினேன். கத்தி இன்றும் எங்கள் மேசையில்தான் இருக்கிறது. சாப்பாடு முடிந்தாலும் அதை யாரும் மடக்குவதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மத்தியானத்தை. வாலிகோ தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்தார். தூக்கத் துணிவில்லை. பிய்ந்த நகத்தோடு அந்தக் கட்டை விரலை மட்டும் நீட்டி, வாயோரத்துப் பாலைத் துடைக்கப் போனார். கெலா தலையைத் திருப்பினான். வாயைத் திறந்தான். விரலைக் கவ்வி ஈறால் இறுக்கிவிட்டான்.

“ஐயோ!” என்று கத்தினார் மனிதர். “கடிச்சிட்டான்! பார்த்தீங்களா? கெலா கடிச்சிட்டான்!”

மேசையைச் சுற்றி ஒவ்வொருவரிடமும் போய் அந்த விரலை நீட்டினார். ஷால்வாவிடம் காட்டினார், வெனேராவிடம் காட்டினார், அவள் நன்றாகப் பார்க்கவில்லை என்று சொல்லி மறுபடி காட்டினார். வேலிக்கு வெளியே போன ஒரு வண்டிக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தியும் காட்டினார். பல் முளைக்காத வாயில் என்ன தடம் விழும்? விரலில் ஒன்றுமே இல்லை. எல்லோரும் குனிந்து பார்த்து, ஆமாம், நல்ல ஆழம் என்றார்கள். நானும் பார்த்தேன் என்றேன்.